சிறைக்குள்ளிருந்து ஒரு வழக்கு: கட்டணம் கட்டுவது யார்? பேசுவது யார்?

சட்டம் அறிவோம் - குழுவாக வாசிப்பதற்கான பாடம்

1973ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலச் சிறையொன்றில் கம்பிள் என்ற கைதி லொறியிலிருந்து பஞ்சுப் பொதிகளை இறக்கிக்கொண்டிருந்தார். பொதியொன்று அவர் மேல் விழுந்தது. ஆனாலும் அவர் தொடர்ந்து வேலை செய்தார். சில மணி நேரத்தில் முதுகு விறைத்துப்போய் நிமிர முடியவில்லை. வலிக்குளிசை கொடுத்தார்கள். பின்னர், "உனக்கு வேலை செய்ய முடியும், போ" என்றார்கள். முடியாது என்று சொன்னதற்காக அவரைத் தனியறையில் அடைத்தார்கள்.

அவரிடம் காசும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. 1974ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தாமே கைப்பட எழுதி நீதிமன்றத்துக்கு ஒரு முறைப்பாடு அனுப்பினார். மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. மேன்முறையீட்டில் அது உயிர் பெற்று, கடைசியில் நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கே அவருக்காகப் பேச நீதிமன்றமே ஒரு சட்டத்தரணியை நியமித்தது. 1976ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. கைதியின் கடுமையான நோயைத் தெரிந்துகொண்டும் பாராமுகமாக இருப்பது, அரசியலமைப்புத் தடைசெய்த கொடிய தண்டனைக்குச் சமம் என்று நீதிமன்றம் சொன்னது.

ஆனால் கம்பிளின் சொந்த வழக்கு வெல்லவில்லை. மூன்று மாதத்தில் பதினேழு தடவை மருத்துவ ஊழியர் அவரைப் பார்த்திருக்கிறார்கள், ஆகவே வைத்தியர் மீது பிழை சொல்ல முடியாது என்று நீதிமன்றம் கருதியது. பற்றையை வெட்டி வழி திறந்தவருக்கு அந்த வழியால் நடக்கக் கிடைக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்த எத்தனையோ கைதிகள் அதே வழியால் நடந்தார்கள்.

அமெரிக்கச் சிறைக்கதை எங்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எங்களில் பலர் பிள்ளையைத் தேடிச் சிறை வாசலிலும் முகாம் வாசலிலும் நின்றவர்கள். காணி உறுதிக்காகவும் நட்டஈட்டுக்காகவும் கச்சேரிப் படி ஏறி இறங்கியவர்கள். உரிமை இருக்கிறது என்று சட்டப் புத்தகம் சொல்லும். அந்த உரிமையைக் கேட்கப் போகிறவனிடம் எவ்வளவு காசு கேட்கிறார்கள், அவனுக்காக யார் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் அது எப்படிப்பட்ட உரிமை என்று விளங்கும். அதை இந்த உதாரணத்தின் மூலம் படிப்படியாகப் பார்ப்போம்.

1. இரண்டு வகை வழக்குகள்

ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லி அரசு தொடுப்பது குற்றவியல் வழக்கு. தனக்கு அநீதி நடந்தது என்று ஒருவர் தாமே தொடுப்பது குடியியல் வழக்கு. இந்த வேறுபாட்டை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

1961ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் கிடியன் என்ற ஏழை மனிதர் மீது, கடையொன்றை உடைத்துப் புகுந்ததாக வழக்கு வந்தது. சட்டத்தரணி வைத்துத் தரும்படி அவர் கேட்டார், மறுத்துவிட்டார்கள். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உயர் நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். 1963ஆம் ஆண்டு, பாரதூரமான குற்ற வழக்கில் வசதியற்றவருக்கு அரசு சட்டத்தரணியை அமர்த்திக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மறுவிசாரணையில் சட்டத்தரணி துணையோடு நின்ற கிடியன் விடுதலையானார்.

ஆனால் இந்த உரிமை குற்றவியல் வழக்குக்கே உரியது. சிறையில் அடித்தார்கள், மருந்து தரவில்லை, சமய வழிபாட்டைத் தடுத்தார்கள் என்று கைதி தொடுக்கும் வழக்கு குடியியல் வழக்கு. அதற்கு அரசு சட்டத்தரணி தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அப்படியான வழக்குக்கு அடிப்படையாக உள்ள சட்டம் 1871ஆம் ஆண்டில் வந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைத் தென் மாநிலங்களில் கொடுமையிலிருந்து காக்க அது இயற்றப்பட்டது. மாநில அதிகாரி ஒருவர் தம் பதவியைக் கொண்டு ஒருவரின் அரசியலமைப்பு உரிமையைப் பறித்தால், பாதிக்கப்பட்டவர் அவர் மீது வழக்குப் போடலாம். கைதிகளும் இச்சட்டத்தின் கீழ் வழக்காடலாம் என்பதை உயர் நீதிமன்றம் 1964ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது.

2. கட்டணம் எப்படி அறவிடப்படுகிறது?

முற்காலத்தில், தனக்கு வசதியில்லை என்று சத்தியக் கடதாசி கொடுத்த கைதிக்கு நீதிமன்றம் கட்டணத்தை விட்டுக்கொடுக்கலாம். 1996ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி ஜனாதிபதி கிளின்டன் ஒப்பமிட்ட சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டம் அதை மாற்றியது. அன்றிலிருந்து, ஏழைக் கைதியும் முழுக் கட்டணத்தைக் கட்டியே ஆகவேண்டும். ஒரே சலுகை, தவணையாகக் கட்டலாம் என்பதே.

மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் குடியியல் வழக்குப் போட 2006ஆம் ஆண்டிலிருந்து 350 டொலர் கட்டணம். அதோடு நிருவாகக் கட்டணம் ஒன்றும் உண்டு. 2023ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து அது 55 டொலர். தவணை அனுமதி பெற்ற கைதிக்கு இந்த 55 டொலர் இல்லை, 350 மட்டுமே.

சிறையில் ஒவ்வொரு கைதிக்கும் ஒரு கணக்கு இருக்கும். வீட்டார் அனுப்பும் காசும் வேலைக்கூலியும் அதில் சேரும். சவர்க்காரம், முத்திரை, கடிதத்தாள் எல்லாம் அதிலிருந்துதான் வாங்க வேண்டும். ரெக்சாஸ் போன்ற மாநிலங்களில் கைதியின் வேலைக்குக் கூலியே கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வழக்குப் போடும் கைதி, கடந்த ஆறு மாதக் கணக்கின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை மனுவோடு இணைக்க வேண்டும். அதைக் கொண்டு கணக்குப் பார்க்கும் முறை இது:

அ. ஆறு மாதத்தில் மாதமொன்றுக்குச் சராசரியாக வந்த தொகை, சராசரி மீதி ஆகிய இரண்டில் எது கூடியதோ, அதில் ஐந்தில் ஒரு பங்கு முதல் தவணை.

ஆ. அதன்பின், முந்திய மாதம் வந்த வரவில் ஐந்தில் ஒரு பங்கு மாதந்தோறும் கழிக்கப்படும். கணக்கில் 10 டொலருக்கு மேல் இருக்கும்போதே கழிக்கலாம்.

இ. கையில் ஒரு சதமும் இல்லை என்பதற்காக வழக்கைத் தடுக்கக் கூடாது. ஆனால் கடன் நிற்கும்.

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். ஒரு தாய் தன் மகனுக்கு மாதம் 20 டொலர் அனுப்புகிறாள். சராசரி மீதி 8 டொலர். கூடியது 20, அதில் ஐந்தில் ஒரு பங்கு 4 டொலர். முதல் தவணை 4 டொலர் போக 346 டொலர் மிச்சம். மாதம் 4 டொலர்ப்படி கழித்தால் 87 மாதம் வேண்டும். அதாவது ஏழு வருடத்துக்கும் மேல்.

வழக்கு முதல் மாதத்திலேயே தள்ளுபடியானாலும் கடன் தள்ளுபடியாகாது. வெள்ளத்தில் பயிர் அழிந்த பின்னும் விதைநெல்லுக்கு வாங்கிய கடன் நிற்பதுபோல அது நிற்கும். மேன்முறையீடு செய்தால் அதற்குப் புறம்பான கட்டணம். இரண்டு வழக்கு இருந்தால் மாதம் ஐந்தில் இரண்டு பங்கு கழியும். ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியே ஐந்தில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் கழிக்கலாம் என்று 2016ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஐந்து வழக்குள்ளவரின் வரவு முழுதும் போய்விடும்.

இதில் கடைசியாகக் காசு கொடுப்பது யார்? பிள்ளைக்குச் சவர்க்காரம் வாங்கட்டும் என்று அனுப்பிய தாய்தான்.

3. ஏன் இப்படி ஒரு சட்டம்?

இரு பக்கமும் கேட்பது நியாயம். 1990களின் நடுவில் அமெரிக்கச் சிறைகளிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 குடியியல் உரிமை வழக்குகள் மத்திய நீதிமன்றங்களுக்கு வந்தன. அவற்றில் சாரமற்றவையும் இருந்தன; அதை யாரும் மறுக்கவில்லை. நீதிமன்றங்களின் நேரம் வீணாகிறது, சிறிதளவாவது காசு கட்ட வேண்டியிருந்தால் கைதிகள் யோசித்து வழக்குப் போடுவார்கள் என்று சட்டத்தைக் கொண்டுவந்தோர் வாதாடினார்கள்.

அதற்கு அவர்கள் சொன்ன உதாரணங்களில் ஒன்று பெயர்போனது. அமெரிக்கர் பாணில் பூசிச் சாப்பிடும் கச்சான் பசை ஒன்று உண்டு. தான் கேட்ட வகைப் பசை தரவில்லை என்று ஒரு கைதி வழக்குப் போட்டாராம்! எல்லோரும் சிரித்தார்கள்.

ஜோன் நியூமன் என்ற மேன்முறையீட்டு நீதிபதி அந்த வழக்கின் கோவையை எடுத்து வாசித்தார். நடந்தது வேறு. கைதி தம் காசில் வாங்கிய பசை, கேட்ட வகையாக இருக்கவில்லை. காவலர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு மாற்றித் தருவதாகச் சொன்னார். அன்றிரவே கைதியை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். பசையும் வரவில்லை, கணக்கில் கழித்த இரண்டரை டொலரும் வரவில்லை. சிறைக்கணக்கில் அந்தத் தொகை சிறிதல்ல என்பதை நியூமன் எடுத்துக்காட்டினார்.

அந்த வழக்கு நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை என்று நாமும் சொல்லலாம். ஆனால் அது பகிடி அல்ல. பங்கீட்டு அட்டையில் ஒரு கிலோ அரிசி குறைந்தால் அது எங்களுக்கு என்னவென்று வசதியுள்ளவருக்கு விளங்குமா? ஏழையின் முறைப்பாட்டை வாசிக்காமலே சிரிப்பது எளிது.

புதிய சட்டம் வந்தபின் வழக்குகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆனால் கட்டணம் பதரையும் நெல்லையும் பிரித்துப் பார்ப்பதில்லை. காசுள்ளவனையும் இல்லாதவனையும் மட்டுமே பிரிக்கும்.

4. மூன்று தடவை பிழைத்தால்

இச்சட்டத்தில் இன்னொரு விதி உண்டு. ஒரு கைதியின் மூன்று வழக்குகள், சாரமற்றவை என்றோ, கெட்ட நோக்கமுடையவை என்றோ, சட்டப்படி நிவாரணம் கேட்கத்தக்க விடயம் கூறப்படவில்லை என்றோ தள்ளுபடியானால், அதன்பின் அவருக்குத் தவணைச் சலுகை இல்லை. 405 டொலரையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டும். உடலுக்குப் பாரதூரமான ஆபத்து உடனடியாக நேரவிருக்கும் நிலையில் மட்டுமே விதிவிலக்கு.

இதில் மூன்றாவது காரணத்தைக் கவனியுங்கள். ஒருவருக்கு உண்மையில் அநீதி நடந்திருக்கலாம். ஆனால் எந்த விபரத்தை எழுத வேண்டும், எந்த அதிகாரியின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று தெரியாமல் எழுதினால் வழக்குத் தள்ளுபடியாகும். அதுவும் ஒரு பிழையாக எண்ணப்படும். திருத்தி மறுபடி போடலாம் என்று சொல்லித் தள்ளிய வழக்கும் எண்ணிக்கையில் சேரும் என்று 2020ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. சட்டத்தரணி துணையில்லாதவர் விடும் பிழை இப்படி அவரின் அடுத்த வழக்கையும் அடைத்துவிடுகிறது.

5. முதலில் சிறைக்குள் முறைப்பாடு

நீதிமன்றம் போகுமுன் சிறையின் உள் முறைப்பாட்டு வழி முழுவதையும் முடிக்க வேண்டும். முதல் முறைப்பாடு, அதன்மேல் மேன்முறையீடு என்று கடைசிப்படி வரை போக வேண்டும். தவணை தப்பினால் வழக்கே இல்லை. கலிபோர்னியாச் சிறையில் முறைப்பாட்டுக்கு 15 வேலை நாள் தவணை இருந்தது. அதைத் தவறவிட்ட ஒருவரின் வழக்கை ஏற்க முடியாது என்று 2006ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் கூறியது.

ஆனால் அந்த வழி உண்மையில் திறந்திருக்க வேண்டும். பயமுறுத்தியோ ஏமாற்றியோ கைதியைத் தடுத்திருந்தால், அல்லது யாருக்கும் விளங்காத முறையாக இருந்தால், அதை முடிக்கவில்லை என்று குறை சொல்ல முடியாது என்று 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று விளக்கியது.

6. யார் பேசுவது?

கைதிகள் போடும் இத்தகைய வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை சட்டத்தரணியின்றியே நடக்கின்றன. எங்கள் ஊர்ப்பேச்சில் சொன்னால், அப்புக்காத்து பிடிக்கக் காசில்லாதவர்களின் வழக்குகள் அவை. இதற்குக் காரணங்கள் உள்ளன.

ஒன்று, நீதிபதி சட்டத்தரணியிடம் "இவருக்காகத் தோன்ற முடியுமா?" என்று கேட்கலாமே தவிரக் கட்டாயப்படுத்த முடியாது. சிறையில் தம்மை அடித்தார்கள் என்று வழக்குப் போட்ட கைதிகளுக்காகத் தோன்றும்படி அயோவா மாநிலத்தில் ஒரு சட்டத்தரணியைப் பணித்தார்கள். அவர் மறுத்து மேன்முறையீடு செய்தார். 1989ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்த்தது.

இரண்டு, வென்றாலும் சட்டத்தரணிக்குக் கிடைப்பது கொஞ்சம். மற்றையோரின் குடியியல் உரிமை வழக்குகளில், தோற்ற தரப்பு வென்றவரின் சட்டத்தரணிக்கு நியாயமான கூலி கொடுக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். கைதியின் நட்டஈட்டு வழக்கில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு எல்லை கட்டியது. தீர்ப்பான தொகையின் ஒன்றரை மடங்குக்கு மேல் எதிர்த்தரப்பு கொடுக்கத் தேவையில்லை. உரிமை மீறப்பட்டது உண்மை என்று கண்டு, அடையாளமாக ஒரு டொலர் மட்டும் தீர்ப்பானால், சட்டத்தரணிக்கு ஒன்றரை டொலர்! சில நீதிமன்றங்கள் அப்படியே தீர்த்தும் இருக்கின்றன.

மூன்று, அந்தக் கூலிக்காகக் கைதியின் நட்டஈட்டிலிருந்தும் காற்பங்கு வரை எடுக்கப்படும். இல்லினோய் மாநிலச் சிறையில் காவலர் அடித்ததில் கண்குழி எலும்பு நொறுங்கிய ஒருவருக்கு ஏறக்குறைய 3 இலட்சத்து 7 ஆயிரம் டொலர் தீர்ப்பாயிற்று. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் எடுத்தால் போதும் என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. 2018ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், காற்பங்கு எடுத்தபின்னரே மிச்சக் கூலியை அடித்தவர்களிடம் கேட்கலாம் என்றது. ஏறக்குறைய 77,000 டொலர் அடிபட்டவரின் கையிலிருந்து போயிற்று.

இருட்டிலும் சில வெளிச்சங்கள் உண்டு. எழுதப்படிக்கத் தெரிந்த கைதி மற்றைய கைதிக்கு மனு எழுதிக் கொடுப்பதை ரெனசி மாநிலச் சிறை தடைசெய்திருந்தது. வேறு உதவி எதுவும் கொடுக்காமல் அப்படித் தடுக்கக் கூடாது என்று 1969ஆம் ஆண்டு தீர்ப்பாயிற்று. சட்டத்தரணியின்றி எழுதிய மனுவைச் சட்டத்தரணியின் மனுவைப்போல அளக்காமல் இரக்கத்தோடு வாசிக்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டு கூறப்பட்டது. சட்டத்தரணியில்லாத கைதி தன் மேன்முறையீட்டைச் சிறை அதிகாரியிடம் தபாலுக்குக் கையளித்த நாளே தாக்கல் செய்த நாள் என்று 1988ஆம் ஆண்டு முடிவாயிற்று. இவற்றில் முதல் இரண்டும் கைதிகள் தொடக்கிய வழக்குகளில் பிறந்தவை, மூன்றாவதும் அப்படியே.

7. எங்கள் நாட்டில்

இலங்கையில் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, அரசின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டவர் நேரே உயர் நீதிமன்றம் போக வழி தருகிறது. தாமாகவோ சட்டத்தரணி மூலமோ ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும்.

வசதியற்றவருக்கு 1990ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற விதிகளின் 44ஆம் விதி முக்கியமானது. முறையான மனுவாக இல்லாமல் எழுத்தில் வந்த முறைப்பாட்டையும் மனுவாக ஏற்க அது இடமளிக்கிறது. அதைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கோ உதவ முன்வந்துள்ள சட்டத்தரணிக்கோ அனுப்பும்படி நீதியரசர் பணிக்கலாம். அவ்வாணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது.

ஒரு மாதத் தவணை பற்றி இரண்டு விடயங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. தடுத்து வைக்கப்பட்டவருக்கு, அவர் தடையின்றிச் செயற்படக்கூடிய நேரத்திலிருந்தே மாதத்தை எண்ண வேண்டும் என்று நமசிவாயம் எதிர் குணவர்த்தன வழக்கில் கூறப்பட்டது. இருந்தாலும் இவற்றை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. நாள் பிந்தினால் மனுவும் பலவீனப்படும்.

பாடத்திலிருந்து நாம் எடுக்க வேண்டியவை

வீட்டில் ஒரு கொப்பி வையுங்கள். நடந்த நாள், நேரம், இடம், வந்தவர் சொன்ன பெயர், பார்த்தவர்கள் யார் என்பதை அன்றைக்கே எழுதுங்கள். அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பிரதி வையுங்கள். பதிவுத் தபால் துண்டை எறியாதீர்கள். எழுதத் தெரியாத அயலவருக்கு எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். ரெனசிச் சிறைக்குள் ஒரு கைதி மற்றவனுக்குச் செய்த உதவி அதுதான். இடம்பெயர்ந்து வந்த ஓலைக் கொட்டிலுக்குள்ளும் அதைச் செய்யலாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. வீண் வழக்குகளைத் தடுக்கக் கட்டணம் நல்ல வழியா? வேறு என்ன வழிகள் இருக்கலாம்?

2. கச்சான் பசைக் கதையைக் கேட்டதும் நீங்கள் சிரித்தீர்களா? முழுவதையும் வாசித்தபின் என்ன நினைத்தீர்கள்?

3. எங்கள் கிராமத்தில் ஒருவரைப் பிடித்துச் சென்றால், முதல் மூன்று நாட்களில் யார் யாருக்கு அறிவிக்க வேண்டும்? அதை எழுதும் பொறுப்பை யாரிடம் கொடுக்கலாம்?

4. கம்பிள் தோற்றார், ஆனால் அவர் திறந்த வழி நின்றது. எங்கள் பகுதியில் அப்படி ஒருவர் முறையிட்டதால் பின்னால் வந்தவர்கள் பயன் பெற்ற சம்பவம் உண்டா?

மூன்றாவது கேள்விக்கு நீங்கள் கண்ட விடையை ஒரு தாளில் எழுதி, வாசிகசாலைச் சுவரிலோ சங்கக் கட்டடத்திலோ எல்லோரும் பார்க்க ஒட்டிவிடுங்கள். அந்தத் தாள் ஒருநாள் தேவைப்படலாம்.